சிரட்டையில் வந்த சிவப்பு மண்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வயது போனால் அடங்கும் என்று வீட்டில் சொன்னார்கள். அடங்கவில்லை. இப்போதும் பால்காரன் பத்து நிமிடம் பிந்தினால் வாசல் படலையில் நின்று கத்துகிறேன். ஆனால் இளமையில் இந்த வாயால் நான் செய்த வேலைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை. என் வாயால் இரண்டு மனிதர்கள் அடி வாங்கினார்கள். ஒருவருக்குக் கண் போனது. அந்தக் கதையை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் எனக்கு வசதியான பாதியை.

அறுபதுகளின் தொடக்கம். கொழும்பில் தாவரவியல் படித்து முடித்த கையோடு கிளிநொச்சியில் ஒரு பண்ணையின் மண் பரிசோதனை அறைக்கு என்னை அனுப்பினார்கள். தகரக் கூரை. ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு அலுமாரி நிறையக் கண்ணாடித் தட்டுகள். இரணைமடுத் தண்ணீர் தாராளமாகப் பாயும் இடமெல்லாம் பச்சையாக இருக்கும். வடக்கே கடல்நீரேரிப் பக்கம் போகப் போக மண் வெளுத்து, உப்புப் பூத்து, நெல் முழங்கால் உயரத்தில் கருகி நிற்கும். அந்த உவர் மண்ணில் என்னென்ன பக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று பிரித்து அட்டவணை போடுவது என் வேலை. எது உப்பே இல்லாமல் வளரும், எது கொஞ்சம் உப்புக் கேட்கும், எது உப்பில் ஊறிக் கிடந்தால்தான் உயிரோடிருக்கும் என்று மூன்று கூட்டமாகப் பிரிக்க வேண்டும்.

செய்முறை நான் கொழும்பில் படித்ததுதான். ஒரு சிட்டிகை மண்ணைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு துளியை மேலும் தண்ணீர் விட்டு ஐதாக்கி, கடற்பாசியில் காய்ச்சிய களியின்மேல் தடவி மூடி வைக்க வேண்டும். உப்பில்லாத களி, கொஞ்சம் உப்புள்ள களி, உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குப் போட்ட களி என்று மூன்று வகைத் தட்டுகள். ஏழு மாதம் செய்தேன். முதல் இரண்டிலும் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதேதோ வளர்ந்தன. மூன்றாவது வகை வெறுமையாகவே கிடந்தது. சிவப்பாக வளரும் என்று புத்தகத்தில் போட்டிருந்த உயிரை நான் கண்ணால் காணவில்லை. பொறுப்பதிகாரி, "இந்த மண்ணில அது இல்லைப் பிள்ளை. இல்லையெண்டு எழுதி முடிச்சுவிடும்" என்பார். எனக்கு விசர் வரும். இல்லையென்று எழுத என் கை வரவில்லை.

ஏரிக்கரை ஓரமாக, நான் அடிக்கடி மண் எடுக்கப் போகும் இடத்தில், ஒரு சின்னக் காணி இருந்தது. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த, மாதாவைக் கும்பிடும் ஒரு வேதக்காரர் அங்கே குடிசை போட்டு மனைவியோடு இருந்தார். ஏரியில் மீன் பிடிப்பார், ஆனையிறவு உப்பு வாங்கி வந்து, குழியில் மீனை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கருவாடு போடுவார். நாற்பது வயதிருக்கும். குறைவான கதை. நான் போனால் "வாங்கோ பிள்ளை" என்று நிழலில் ஒரு பலகையை இழுத்துப் போடுவார். அவருடைய காணிக்கு மேலே இரண்டு சகோதரர்களின் வயல். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்கள். தங்கள் வயலில் உப்பைக் கழுவுவதற்காக வாய்க்கால் தண்ணீரைக் கட்டி நிறுத்திப் பிறகு வரம்பை வெட்டிவிடுவார்கள். அந்தத் தண்ணீர் நேரே இவருடைய கருவாட்டுப் பாய்களுக்குள் வந்து நிற்கும். இரண்டு முறை பொறுத்தார். மூன்றாம் முறை மீன் வெட்டும் கத்தியோடு வரம்பில் ஏறி நின்று, "இனித் தண்ணி விட்டா வெட்டிப்போட்டுத்தான் மற்றக் கதை" என்று கத்தினாராம். கேட்டவர்கள் பலர்.

பத்து நாள் கழித்துச் சகோதரர்களில் இளையவரைக் காணவில்லை.

நான்காம் நாள் காலை ஆறு பேர் சைக்கிள்களில் என் அறைக்கு வந்தார்கள். பொறுப்பதிகாரி கொழும்புக்குப் போயிருந்தார், நான் தனியே. முன்னுக்கு வந்தவர் மூத்த சகோதரர். பெரிய உடம்பு, சிவந்த கண். அவர் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதை மேசையில் வைத்தார்.

"மிஸ், இது ரத்தமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. ஊருக்குள்ள உங்களிட்டத்தான் கண்ணாடி இருக்கு."

"ஆரின்ர ரத்தம்?"

"என்ர தம்பின்ர. கருவாட்டுக்காரன்ர குழிக்குள்ள இருந்து எடுத்தது. நிலமெல்லாம் சிவந்து கிடக்குது."

சிரட்டையின் வாயைப் பூவரசம் இலையால் மூடி நாரால் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். செக்கச்செவேலென்ற சேறு, அதன்மேல் விரலளவுக்கு உப்புத் தண்ணீர். அது காயாதபடி யாரோ பக்குவமாக அள்ளிக் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கோபத்தில் இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கூட்டத்தில் ஒரு ஒல்லி மனிதர் இருந்தார், சகோதரர்களுக்கு மச்சான் முறை. அவர் பின்னால் நின்று, "மிஸ், நல்ல தண்ணி படவிட வேண்டாமாம்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "எனக்குப் படிப்பிக்க வந்தனீங்களோ? படிச்சுப்போட்டுத்தான் இந்தக் கதிரையில இருக்கிறன். வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். யார் அப்படிச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

ஆறு ஆம்பிளைகள் கழுத்துக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றால் வேலை எப்படி ஓடும்? வழக்கம்போல் மண்ணை ஐதாக்க எனக்குப் பொறுமை இல்லை. கம்பியைச் சிரட்டைக்குள் விட்டு, எடுத்ததை அப்படியே உப்புக் களித் தட்டுகள் மூன்றில் இழுத்து மூடி வைத்தேன். பிறகு கண்ணாடித் துண்டில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு துளி விட்டு, அதற்குள் சேற்றைத் தொட்டு வைத்து, நுணுக்குக்காட்டியில் குனிந்தேன்.

சிறு குச்சிகள் போல ஏதோ தெரிந்தன. கண் மூடித் திறக்குமுன் உருண்டன, ஊதின, இல்லாமற் போயின. துளி மட்டும் இளஞ்சிவப்பாக நின்றது. இன்னொரு துளி வைத்தேன். அதுவும் அப்படியே. கொழும்பில் விரலைக் குத்தி இரத்தத்தைத் தண்ணீரில் விட்டுப் பார்த்திருக்கிறோம். அதன் அணுக்களும் ஊதி வெடித்து, தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டு மறைந்துபோகும். அந்த நினைவுதான் வந்தது. ஆனால் அது இரத்தம் என்று என் மனம் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும்.

மூத்தவர் பொறுமையிழந்தார். "ஒண்டும் விளங்கேல்லைப் போல. பொம்பிளைப் பிள்ளையை உதில இருத்தினா இப்பிடித்தான். வாங்கோடா போவம்."

"விளங்காமல் என்ன!" என்று கத்திக்கொண்டு எழும்பினேன். "தண்ணி பட்ட உடனை வெடிக்குது. ரத்தமும் உப்பிடித்தான் வெடிக்கும்!"

"ஆனா வேற எதுவும் அப்பிடி..." என்று நான் தொடங்கியபோது எதிரில் ஆள் இல்லை. சைக்கிள்கள் முற்றத்து மணலில் சரிந்து திரும்பிப் பாயும் சத்தம் கேட்டது.

கால் மணி நேரம் கதிரையில் இருந்தேன். நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே வழக்காடினேன். பிறகு எழும்பினேன். பண்ணைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வரம்பால் மிதித்தேன். குடிசைக்கு அரை மைல் தூரத்திலேயே அந்தப் பெண்ணின் சத்தம் கேட்டது. "மாதாவே, மாதாவே" என்று, தொண்டை கிழிய.

அவரைப் பனையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலைக் கயிற்றால், அவருடைய வலைக் கயிற்றால். ஒருவர் மண்வெட்டிப் பிடியால் தோளிலும் முழங்காலிலும் மாறி மாறி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் மூத்தவர், "தம்பியை எந்த மண்ணுக்குள்ள தாட்டனி? சொல்லடா, எங்கயடா தாட்டனி?" என்று கேட்டார். வலது கை மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, அதை ஏற்கெனவே முறித்துவிட்டார்கள். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. மனைவி ஒருவனின் கையைக் கடித்துக்கொண்டு தொங்கினார். அவன் அவரைத் தலைமயிரில் பிடித்துத் தரையில் அடித்தான். கருவாட்டுப் பாய்களெல்லாம் காலுக்குள் மிதிபட்டுக் கிடந்தன.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருமுன் மூத்தவர் உப்புச் சாக்குக்குள் கையை விட்டார். ஒரு பிடி அள்ளினார். "உப்புத்தானே உன்ர தொழில்? இந்தா!" என்று அந்தப் பிளந்த கண்ணுக்குள் வைத்துத் தேய்த்தார். அந்த மனிதர் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

செருப்பைக் கழற்றி மூத்தவரின் முகத்தில் அடித்தேன். இரண்டு அடி அடித்திருப்பேன். "நான் அப்பிடிச் சொல்லேல்லை! விடடா அவரை! நான் அப்பிடிச் சொல்லேல்லை!"

அவர் என்னைச் சேற்றில் தள்ளிவிட்டு, ஆச்சரியத்தோடு பார்த்தார். "நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தில் பொய் இல்லை. தம்பி செத்துப்போனான் என்று நம்பிய முகம் அது. ஒல்லி மனிதர் மட்டும் தூரத்தில், தலையில் கையை வைத்துக்கொண்டு, மறுபக்கம் பார்த்தபடி குந்தியிருந்தார்.

யாரோ சொல்லி அனுப்பிப் பொலிஸ் ஜீப் வந்தது. அடித்தவர்களை ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். கட்டியிருந்தவரை அவிழ்த்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரை ஒரு கையில் விலங்கு போட்டுப் படுக்க வைத்தார்கள். முறிந்த கைக்கு விலங்கு போட முடியாது, அதனால் மற்றக் கைக்கு.

பிறகு நாட்கள் போகவில்லை. உடலைத் தேடிக் கருவாட்டுக்காரரின் காணியை முழுதாகக் கிண்டினார்கள். மீன் முள்ளைத் தவிர ஒன்றும் வரவில்லை. "வேற எங்கயோ தாட்டிட்டான்" என்றார்கள். பொலிஸ் சார்ஜன் என் அறைக்கு வந்து, இரத்தம் என்று எழுத்தில் தரச் சொன்னார். பதினைந்து நாள் பொறுங்கள், தட்டில் வளர்ந்தால் சொல்கிறேன் என்றேன்.

"பதினைஞ்சு நாளோ? நெல்லோ விதைச்சிருக்கிறியள் மிஸ்?"

"ஓம், நெல்லுத்தான். அறுத்துத் தாறன், கொண்டுபோய்ச் சமையுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு போனார். பொறுப்பதிகாரி திரும்பி வந்து கதை முழுதும் கேட்டார். "நீர் மண் பரிசோதிக்க வந்தனீரோ, கொலைக்குச் சாட்சி சொல்ல வந்தனீரோ?" என்று மேசையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மைப்போத்தல் விழுந்து உடைந்தது. நான் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

அடி விழுந்த மறுநாளே என் விரலைக் குத்தி, என் இரத்தத்தையும் ஒரு உப்புக் களித் தட்டில் தடவி, சிரட்டைத் தட்டுகளின் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் அலுமாரியைத் திறந்து பார்ப்பேன். ஒரு கிழமை ஒன்றுமில்லை. பத்தாம் நாள் தட்டின் ஓரங்களில் உப்புத்தான் சதுரம் சதுரமாகப் பூத்திருந்தது. வளராவிட்டால் அந்த மனிதர் கொலைகாரர், வளர்ந்தால் நான் பாவி. வளர வேண்டும் என்று கும்பிட்டேன். கோயிலுக்குப் போகாத நான், ஒரு அலுமாரியின் முன்னால் நின்று கும்பிட்டேன்.

பதினான்காம் நாள் கம்பி இழுத்த கோட்டில் ஊசிமுனை ஊசிமுனையாகச் சிவப்பு. மூன்று தட்டிலும். என் இரத்தம் தடவிய தட்டு மண்ணிறமாகக் காய்ந்து கிடந்தது.

ஒரு சிவப்புப் புள்ளியை எடுத்தேன். பாதியை உப்புக் கரைசலில் வைத்துப் பார்த்தேன். குச்சி குச்சியாக, சுறுசுறுப்பாக நீந்தின. மற்றப் பாதியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் வைத்தேன். உருண்டு, ஊதி, வெடித்து மறைந்தன. அன்று கண்ட அதே காட்சி. அப்போதுதான் ஏழு மாதக் கதையும் விளங்கியது. அவை இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் என் நல்ல தண்ணீரால் நானே அவற்றைக் கொன்றுவிட்டு, இல்லை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்கு ஓடினேன். சார்ஜன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆனா ஆளைக் காணேல்லையே மிஸ்" என்று திருப்பித் தந்தார். என் விஞ்ஞானம் அங்கே ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

மூன்று நாள் கழித்து, காணாமற் போனவர் புதுச் சாரத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தமையனோடு சண்டை பிடித்துக்கொண்டு, சொல்லாமல் நெளுக்குளத்தில் ஒரு சினேகிதன் வீட்டுக்குப் போய், அங்கே நெல்லுச் சூடடிப்புக்கு உதவியாக நின்றாராம். மூத்தவருக்குச் செய்தி போய், அவர் பஸ் நிற்கும் இடத்துக்கே ஓடி வந்தார். தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடிய, அந்தத் தம்பியையே நடுத்தெருவில் போட்டு மிதித்தார். "உயிரோட ஏனடா வந்தனி? ஏனடா வந்தனி?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தார். நாலு பேர் சேர்ந்து பிடித்தும் அவரை இழுக்க முடியவில்லை. பிறகு கருவாட்டுக்காரரை அடித்ததற்கு என்ன வழக்கு நடந்தது என்று கேட்காதீர்கள். சமாதானமாகப் போகச் சொன்னார்கள், போனார்கள்.

விலங்கு கழற்றிய அன்று ஒரு தட்டைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்குத்தான் போனேன். வழி முழுதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் சுவரில் சாய்ந்து இருந்தார். ஒரு கண் பஞ்சால் மூடியிருந்தது. அந்தக் கண் இனி இல்லை என்று தாதி வாசலிலேயே சொல்லியிருந்தார். மனைவி கட்டிலின் காலடியில் இருந்தார், நெற்றியில் காயம் ஆறிக் கறுத்திருந்தது.

"இஞ்சை கொண்டாங்கோ பிள்ளை" என்று கருவாட்டுக்காரர் இடது கையை நீட்டினார். தட்டைத் திறந்து கொடுத்தேன். அவர் பார்க்கவில்லை, மூக்கருகில் பிடித்து மணந்தார்.

"சிவந்த கருவாட்டு மணம்" என்றார். "உப்பில வாற சிவப்பு. எங்கட கரையில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல தண்ணியில அலசினா ஓடிப்போம். அண்டைக்கு அவங்கள் வந்து நிக்கேக்கை படிச்சுப் படிச்சுச் சொன்னனான், நம்பேல்லை. அப்பதான் சொன்னன், பண்ணையில ஒரு மிஸ் இருக்கிறா, படிச்ச பிள்ளை, அவாட்டக் காட்டுங்கோ, அவா ரத்தமெண்டு சொன்னா என்னைக் கொல்லுங்கோ எண்டு. நான்தான் சிரட்டையில அள்ளினது. அந்த உப்புத் தண்ணியையே மேல விட்டு, இலை வைச்சுக் கட்டினதும் நான்தான்."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல தண்ணி படவிட வேண்டாம், பட்டா எல்லாம் கரைஞ்சுபோம், பிறகு மிஸ்ஸுக்கு ஒண்டும் தெரியாது எண்டு அந்த ஒல்லி மனுசனிட்டத் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டனான்." மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "அவன் உங்களிட்ட அதைச் சொல்லேல்லையோ?"

சொன்னார், நான்தான் வாயைப் பொத்தச் சொன்னேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. எதற்கெடுத்தாலும் பாய்ந்து கத்தும் இந்த வாய்க்கு அன்று அது வரவில்லை.

"இல்லை" என்றேன். "அவர் சொல்லேல்லை."

"பாத்தியே" என்றார் மனைவியிடம். பிறகு என்னிடம், "நீங்கள் அழாதேங்கோ பிள்ளை. தெரிஞ்சிருந்தா நீங்கள் அப்பிடிச் செய்திருப்பியளோ? எனக்குத் தெரியும்" என்றார். மனைவி போத்தலில் இருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வாங்கிக் குடித்தேன்.

அடுத்த மாதம் முல்லைத்தீவிலிருந்து அந்த மனைவியின் தமையன்மார் இருவர் வந்தார்கள். மூத்த சகோதரரிடம் அவர்கள் போகவில்லை. தம்பியைப் பறிகொடுத்தேன் என்று நினைத்தவன் செய்தது, அதை விடுவோம் என்றார்களாம். ஒரு வாய்ச்சொல்லைக் கொண்டுவந்து சேர்க்காமல் நின்று வேடிக்கை பார்த்தவனைத்தான் தேடினார்கள். சந்தைக்குப் போகும் வழியில் ஒல்லி மனிதரை மறித்து, துடுப்பால் அடித்து முழங்காலை உடைத்தார்கள். பிறகு சாகும்வரை அவர் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அடி விழ விழ, "நான் மிஸ்ஸிட்டச் சொன்னனான், ஐயோ, நான் சொன்னனான்" என்று அவர் கத்தினாராம். சந்தைச் சனம் முழுதும் கேட்டதாம். ஒருவரும் நம்பவில்லை. சொல்லவில்லை என்று மிஸ்ஸே சொல்லியிருக்கிறாவே, பிறகென்ன.